தெய்வம் உண்டென்றால் தீமை ஏன்?



1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் புதுச்சேரிக் கரையில் இறங்கினார் அரவிந்தர். ஆங்கிலேயப் போலீசின் கை எட்டாத பிரெஞ்சு மண் இது. வந்தவர் 1950 டிசம்பர் 5-ஆம் தேதி உயிர் பிரியும்வரை இந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை. ஆசிரமத்தில் அவர் சமாதிமேல் பூ வைத்துத் தலை சாய்த்துக் கும்பிடுகிறவர்களை இன்றும் நாள்தோறும் பார்க்கலாம். அவர் கல்கத்தாவிலிருந்து சுமந்துவந்த ஒரு செய்தியை உரசிப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இருக்கமாட்டார்கள். அன்புக்கொடி மக்கள் அதை உரசிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அந்தச் செய்தி நாராயணரைப் பற்றியது. அதுவும் சிறைக்குள் கண்ட நாராயணரைப் பற்றியது.

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் ஓர் ஆங்கிலேய நீதிபதிக்கு வைத்த குண்டு தவறான வண்டிமேல் விழுந்தது. அதில் வந்த ஒரு தாயும் மகளும் செத்தார்கள். அடுத்த இரண்டு நாளில் அரவிந்தரைப் பிடித்து அலிப்பூர் சிறையில் அடைத்தார்கள். ஓராண்டு சிறைவாசம். அதில் பெரும்பகுதி தனிக்கொட்டடி. கடைசியில் 1909 மே 6 அன்று குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த மாதம் 30-ஆம் தேதி உத்தர்பாரா என்னும் ஊரில் பேசியபோதுதான் உள்ளே நடந்ததை வெளியே சொன்னார். முதலில் நம்பிக்கை ஆடிப்போயிற்றாம். உன் வேலையைத்தானே செய்தேன், என்னை ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் பொறுத்திரு என்று உள்ளிருந்து ஒரு குரல். அதன்பின் சிறைச் சுவரைப் பார்த்தால் சுவர் இல்லை, வாசுதேவர் நின்றார். கொட்டடிக்கு எதிரே நின்ற மரத்திலும், கம்பிக் கதவிலும், போர்த்திய முரட்டுக் கம்பளியிலும் நாராயணர். கூட இருந்த திருடர், கொள்ளைக்காரர், கொலைக்காரர் முகத்திலும் அவர். நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்தவரும் எதிர்த்து வாதாடியவரும் அவரே.

கேட்கப் புல்லரிக்கிறது. புல்லரித்ததோடு விட்டுவிடக் கூடாது. எல்லாம் நாராயணர் என்றால், குண்டு போட்ட கை யாருடையது? வண்டிக்குள் செத்துப்போன அந்தத் தாயும் மகளும் யார்?

இது இன்று நேற்று எழுந்த கேள்வி அல்ல. கடவுளால் தீமையைத் தடுக்க முடியாதா, அல்லது முடிந்தும் மனமில்லையா என்று எபிகூரஸ் என்ற கிரேக்க ஞானி கேட்டதாகச் சொல்வார்கள். முடியாதென்றால் வல்லமை போயிற்று, மனமில்லையென்றால் அன்பு போயிற்று. தமிழில் வள்ளுவரே இரவச்சம் என்ற அதிகாரத்தில், பிச்சைக்காரனைப் பார்த்த ஆற்றாமையில் படைத்தவனைச் சபிக்கும் அளவுக்குப் போனார். பக்தி உள்ளவன் இப்படிக் கேட்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை, கேட்டவர்கள் பெரியவர்கள்.

பிரெஞ்சுக்காரரிடமும் இந்தக் கேள்வி கொதித்தது. 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பன் நகரத்தில் பூமி அதிர்ந்தது. அன்று கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். கோவிலில் கூடியிருந்தவர்கள்மேலேயே கோவில்கள் இடிந்து விழுந்தன. பிறகு தீ, பிறகு கடல். இருக்கிற உலகங்களிலேல்லாம் இதுவே மிகச் சிறந்தது, தீமையும் ஒரு பெரிய நன்மையின் பகுதிதான் என்று லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1710-இல் ஒரு நூலே எழுதியிருந்தார். லிஸ்பன் செய்தி வந்ததும் வால்தேர் அந்த வாதத்தைக் கிழித்துப் போட்டார். புதுச்சேரிக்காரர்கள் வால்தேரை வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கலாம். இந்த ஊரை 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்த தளபதி லாலியைத் துரோகி என்று சொல்லி 1766-இல் பாரீசில் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று வழக்காடியவர்களில் வால்தேர் முக்கியமானவர். அவர் சாவதற்குச் சில நாள் முன்பு, 1778 மே மாதம், தீர்ப்பு ரத்தான செய்தி வந்தது. தெய்வம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்ட அதே மனிதர், மனிதன் செய்த அநியாயத்தைத் திருத்தப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் ஓயவில்லை. லாலியின் பேரில் இந்த ஊரில் ஒரு வீதி இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் அந்த நாள் முதல் சொல்லிவரும் பதில் வேறு: முன்வினை. பட்டவன் பட்டான் என்றால் போன பிறவியில் ஏதோ செய்திருக்கிறான். வாதம் என்று பார்த்தால் இதில் ஓட்டை குறைவு. தெய்வத்தின்மேல் பழி வராது, கணக்கும் சரியாக இருக்கும். சொல்கிற வாய் யாருடையது என்று பார்த்தால்தான் இதன் கோரம் தெரியும். தன் காலில் முள் குத்தினால் முன்வினை என்று நினைத்து ஒருவன் பொறுத்துக்கொள்வது அவன் பாடு. அடுத்தவன் பிள்ளை செத்துக் கிடக்கும்போது அவனிடம் அதைச் சொல்வது, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது. திருவிதாங்கூரில் சான்றோர் மக்களைத் தலைக்கு வரி கேட்டு அடித்தார்கள். பெண்கள் தோள்சீலை போடக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். அப்போதும் இது அவர்கள் பிறந்த பிறப்பின் பலன் என்றுதான் மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அய்யா வைகுண்டர் அந்த மக்களிடம் உங்கள் பாவம் என்று சொல்லவில்லை. அடிக்கிறவனுக்குள் கலி புகுந்திருக்கிறது என்றார். குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னார்.

அரவிந்தரும் முன்வினைக் கணக்கோடு நிற்கவில்லை. 1914 ஆகஸ்டு 15 முதல் புதுச்சேரியிலிருந்து 'ஆர்யா' என்ற மாத இதழ் நடத்தினார். அதில் தொடராக வந்து பிறகு நூலான 'தெய்விக வாழ்க்கை'யில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். கடவுள் உலகத்துக்கு வெளியே, மேலே உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு வலியும் படாமல் உயிர்களுக்கு வலியைப் படைத்தார் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கடவுளுக்கு எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. சோதனை, தண்டனை, பாடம் என்று எதைச் சொன்னாலும் அது கொடுமையைத்தான் மெழுகும். ஆனால் இருப்பது ஒன்றே, இரண்டாவது இல்லை என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. வலி படுகிற உயிருக்குள் இருந்து அந்த வலியைப் படுவதும் அவரே. அப்போது, எங்களுக்கு ஏன் துன்பம் வைத்தாய் என்ற கேள்வி போய், ஆனந்தமே உருவான நீ ஏன் உனக்குள் துன்பத்தை ஏற்றாய் என்ற கேள்வி வருகிறது.

அகிலத்திலும் ஏகம் என்ற சொல் உண்டு. அதைப் படிக்கிறவர்களுக்கு இந்த வாதம் அந்நியமாகத் தோன்றாது. முசாபர்பூர் வண்டியில் இருந்தது யார் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. அங்கே இருந்ததும் நாராயணர். குண்டு அவர்மேல்தான் விழுந்தது. அப்படிப் பார்த்தால் கொலை சின்னதாகிவிடாது, பெரிதாகிறது. ஆனாலும் ஒரு குறை தங்குகிறது. பிள்ளையை இழந்த தாய்க்கு, உன்னோடு சேர்ந்து தெய்வமும் அழுகிறது என்பது ஆறுதல்தான். தெய்வம் ஏன் அழவேண்டிய நிலைக்கு வந்தது என்பது அவளுக்கு இன்னும் விளங்காது. அரவிந்தர் அதற்கு அறியாமை, பிரிவு, மெல்ல மேலேறும் பரிணாமம் என்று பல நூறு பக்கம் எழுதினார். படிக்கப் படிக்க அறிவுக்கு ஒளி கிடைக்கும். இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்ட முடியாது.

எல்லாம் அவரே என்று கண்டவர் தீமையை எதிர்க்காமல் இருந்தாரா என்றால், இல்லை. இரண்டாம் உலகப் போரில், ஆங்கிலேயன் தோற்கட்டும் என்று ஆசைப்பட்ட இந்தியர் பலர் இருந்தபோது, அதே ஆங்கிலேயன் சிறையில் கிடந்த அரவிந்தர் இட்லரை அசுர சக்தி என்று சொல்லி, 1940-இல் வெளிப்படையாக நேச நாடுகளை ஆதரித்தார். போர் நிதிக்குப் பணமும் அனுப்பினார். தன் கூட்டத்தார் பலருக்கே அது கசந்தது.

சிறையில் கண்டது உண்மைக் காட்சியா, தனிமையில் கலங்கிய மனத்தின் மாயமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்பது நியாயம். தனிக்கொட்டடியில் தன் புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்து இறைவனை வேண்டியதாக அரவிந்தரே தன் சிறைக்கதையில் எழுதியிருக்கிறார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய அனுபவங்களைத் திரட்டி 1902-இல் ஒரு புத்தகம் போட்டார். கண்டவருக்கு அது அசைக்க முடியாத உண்மை. காணாதவர் அதை அப்படியே ஏற்கவேண்டும் என்ற கடமை இல்லை. மரத்தைக் கனியால் அறிவதுபோல் அனுபவத்தை அதன் பலனால் அறிய வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

பதிக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. பள்ளியறையில் விளக்குகளுக்கு நடுவே இருப்பது கண்ணாடி. அதில் தெரிவது வந்து நிற்கிறவன் முகம். உள்ளே தெய்வம் இருக்கிறது என்று காட்டும் அதே கண்ணாடி, உள்ளே இன்னும் என்ன என்ன இருக்கிறது என்பதையும் காட்டிவிடும். தனக்குள் நாராயணரைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னால், வாசலில் வந்து நிற்கும் வேறு சாதிக்காரனுக்குள் அவரைக் கண்டானா என்று பார்த்தால் போதும். அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்து வதைத்துப் பார்த்து, கடைசியில் உன் சாதிக்கு மட்டும் போதித்துக்கொள் என்று விடுதலைக்கு நிபந்தனை போட்டபோது அவர் அதை மறுத்தார் என்பது வரலாறு. அந்த மறுப்பும், எல்லாச் சாதியாரும் இறங்கி ஒரே தண்ணீரில் குளிக்கவும் குடிக்கவும் வெட்டிய முத்திரிக்கிணறும் அந்த அனுபவத்தின் கனி.

தீமையைப் பற்றி அகிலம் சொல்வது ஒரு கதைபோல் இருக்கும். குறோணியை ஆறு துண்டாக வெட்டினார். யுகத்துக்கு ஒரு துண்டாகப் பிறந்து வந்தது. இராவணனாகவும் துரியோதனனாகவும் வந்ததற்கு உடம்பு இருந்தது, வெட்ட முடிந்தது. கடைசித் துண்டான கலி மனத்துக்குள் புகுந்துகொண்டது. வாதமாக எடுத்தால் இதன் பொருள் கனமானது. வாளால் வெட்டுகிற தீமை முடிந்துபோயிற்று. இப்போது இருப்பது வெட்டப் போகிறவன் நெஞ்சிலும் இருக்கிறது. நீதிபதிக்கு வைத்த குண்டில் வழிப்போக்கர்களான இரண்டு பெண்கள் சாகிறது இப்படித்தான். ஆனால் கலியின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவனும் முன்வினை பேசுகிறவனும் ஒன்றே. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கலி என்று சொல்ல முடியாத ஒரு தீமை வந்தது. கடலுக்கு மனம் கிடையாது, பேராசை கிடையாது. அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்துவந்தார் என்று நம்புகிறவர்களுக்குக் கடல் தாய்மடி. அந்தக் கடல் குமரி முதல் வேளாங்கண்ணி, காரைக்கால், புதுச்சேரி வரை குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. புதுச்சேரி நகரத்தில் கடற்கரைச் சாலையின் கற்சுவருக்குப் பின்னால் இருந்த வீதிகளுக்குப் பெரிய சேதம் இல்லை. சுவர் இல்லாத குப்பங்கள் அடிபட்டன. குப்பத்துக்காரர் பாவிகள், வெள்ளைக்காரன் கட்டிய வீதியில் குடியிருந்தவர் புண்ணியவான்கள் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊர். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ராவில் நிலம் அதிர்ந்த செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னதும், ஓடுங்கள், எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் கத்தினார்கள், சங்கை ஊதினார்கள். வெளிநாட்டிலிருந்த இன்னொருவரும் அழைத்துச் சொன்னார். வீடுகள் போயின, படகுகள் போயின. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் இருந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தெய்வம் காப்பாற்றியது என்று நல்லவாட்டார் சொன்னால் அது அவர்கள் நன்றி. அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. அந்த வார்த்தையைப் பக்கத்துக் குப்பத்தில் போய்ச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. தெய்வம் நல்லவாட்டைத் தேர்ந்து எடுத்து மற்றதை விட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடும். அப்படித் தேர்ந்து எடுக்கிற தெய்வம், காணிக்கை வாங்கிக்கொண்டு காரியம் பார்க்கிற தெய்வத்தைவிட எந்த விதத்தில் மேல்? காணிக்கையும் பலியும் வேண்டாம் என்று அய்யா தள்ளியபோது அந்தப் பேரத்தையே தள்ளினார். சிங்கப்பூரிலிருந்து பேசிய குரலிலும் கதவை உடைத்த கையிலும் நாராயணர் இருந்தார் என்று சொல்லலாம். அதே மூச்சில், அலையில் போன பிள்ளைகளோடும் அவர் இருந்தார் என்று சொல்ல முடிந்தால். பூமி ஏன் அதிர்ந்தது என்பதற்கு அதிலும் பதில் இல்லை.

அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்தது அல்ல. அன்றன்று அலை எவ்வளவு உயரம் எழும், கடலுக்குப் போகலாமா என்று மீனவருக்குச் சொல்லிவருவதற்காக வைத்தது. அன்றாடம் அலை அளவைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது என்பதால்தான், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது ஓடுங்கள் என்று சொன்னபோது ஊர் நின்று யோசிக்காமல் ஓடியது.