கையால் உருட்டிய இழை

இத்தாலியின் தஸ்கனி பகுதியில் குன்றின்மேல் இருக்கிறது பியென்சா என்ற சிற்றூர். தான் பிறந்த இந்த ஊரைப் போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் புதுப்பித்துக் கட்டினார். வருகிறவர்களில் பலர் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பாதிதான். சந்துக்குள் நடந்து, ஒரு குடும்பமே சமைத்துப் பரிமாறும் சிறிய உணவகத்தில் உட்கார வேண்டும். அங்கே பீச்சி கேளுங்கள். மாவும் தண்ணீரும் பிசைந்து, பெரும்பாலும் முட்டை சேர்க்காமல், இழை இழையாகக் கையால் உருட்டும் தடித்த பாஸ்தா அது. ஏழை உழவர் வீட்டுச் சாப்பாடு. மேலே பூண்டும் தக்காளியும், இல்லையென்றால் எண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள். கூட வரும் ரொட்டியில் உப்பே இராது. முதல் வாய் சப்பென்றிருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்த அவ்வூர்ப் பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும். எந்திரம் நொடியில் தள்ளிவிடும் இழையை இன்னும் கையால் உருட்டுகிறார்களே, அந்தப் பொறுமைக்கே அங்கு போகலாம். தட்டு வரத் தாமதமானால் கோபிக்காதீர்கள்.