முடிசூடும் பெயர்

வீட்டில் தொட்டில் கட்டியதுமே பெயர்ப் பேச்சு தொடங்கிவிடும். புதுக்கோட்டைச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் இதைக் காணலாம். "அவங்க அய்யா பேரையே வைங்க" என்பார் அப்பத்தா. "குலதெய்வத்த விட்டுட்டு என்ன பேரு?" என்பார் பெரியப்பா. நட்சத்திரத்துக்கு இந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து வருவார் தாய்மாமன். பிள்ளையின் தகப்பனோ கைப்பேசியில் தேடிய பெயர் ஒன்றை மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருப்பார். எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பெயரை ஆயுள் முழுவதும் சுமக்கப்போகும் பிள்ளை மட்டும் தொட்டிலில் உறங்கிக்கொண்டிருக்கும்.

பெயர் வைப்பது சிறிய காரியம் அல்ல. அய்யாவின் வரலாற்றில் முதலில் நடந்த அநியாயமே ஒரு பெயரைப் பறித்ததுதான்.

பறிக்கப்பட்ட பெயர்

1809ஆம் ஆண்டு. இன்று சுவாமிதோப்பு என்று வழங்கும் ஊர் அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அங்கே பொன்னுமாடன், வெயிலாள் என்ற ஏழைத் தம்பதியருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றவர்கள் ஆசை ஆசையாக 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டார்கள். மேல்சாதியார் அதைப் பொறுக்கவில்லை, எதிர்த்தார்கள். அதனால் பெயர் 'முத்துக்குட்டி' என்று மாறியது. பெரியோர் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு இது.

ஒரு பெயரில் என்ன குற்றம் கண்டார்கள்? அந்தக் காலத்தை எண்ணிப் பார்த்தால் விளங்கும். பனையேறிப் பிழைத்த மக்கள் தலைக்கு வரி கட்டினார்கள். அந்தத் தலையில் பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. துண்டைக்கூடத் தலையில் சுற்றக் கூடாதவன் வீட்டுப் பிள்ளைக்கு 'முடி' என்று பெயரா? 'பெருமாள்' என்பதோ திருமாலின் திருப்பெயர். அரசரின் பட்டமும் அதுவே. திருவிதாங்கூர் மன்னர்கள் 'குலசேகரப் பெருமாள்' என்ற பட்டத்தைத் தாங்கியவர்கள். மன்னருக்கும் மாயவனுக்கும் உரிய பெயரை ஓர் ஏழைத் தாய் தன் தொட்டிலில் போட்டுத் தாலாட்டியதே அன்று குற்றமாகிவிட்டது.

அதே திருவிதாங்கூர் மன்னர்கள் தங்களைப் 'பத்மநாபதாசர்' என்று சொல்லிக்கொண்டார்கள். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களும் திருக்கோகர்ணத்து அம்மனின் பெயரால் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று பட்டம் தரித்தார்கள். அரசன் தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டால் அது பக்தி. ஏழை தன் பிள்ளையைப் பெருமாள் என்று கூப்பிட்டால் அது திமிர். கலியின் நியாயம் இப்படித்தான் இருந்தது.

தான் பெற்ற பிள்ளையைத் தான் விரும்பிய பெயரால் கூப்பிட ஒரு தாய்க்கு உரிமை இல்லாமல் போன காலம் அது. வெயிலாள் அம்மை அந்தப் பெயரை வாய்க்குள் அடக்கிக்கொண்டு எத்தனை நாள் பிள்ளையைத் தூக்கியிருப்பாரோ!

அய்யா தந்த பெயர்

முத்து கடலில் விளைவது. முத்துக்குட்டியும் கடலுக்குத்தான் போனார். கொல்லம் 1008ஆம் ஆண்டு, அதாவது 1833ஆம் ஆண்டு, மாசி மாதம், நோயுற்ற மேனியோடு திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்றார். மூன்றாம் நாள் வைகுண்டராக எழுந்து வந்தார். கரையில் காத்திருந்த அன்னையிடம், 1008 வரைக்கும் உனக்குப் பிள்ளை, இனி நாராயணரின் பிள்ளை என்று சொன்னார்.

இந்தப் பெயர்களின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். 'நாரம்' என்றால் நீர், 'அயனம்' என்றால் தங்கும் இடம். நீரை இருப்பிடமாகக் கொண்டவர் நாராயணர் என்று ஆன்றோர் பொருள் சொல்வார்கள். அந்த நீரிலிருந்தே அய்யா எழுந்தார். 'வைகுண்டம்' என்றால் மழுங்காதது, தடையற்றது என்று பொருள். பெயருக்குத் தடை போட்டார்கள். தடையே இல்லாத பெயரோடு அவர் திரும்பி வந்தார்.

பறித்த பெயரைத் திருப்பித் தாருங்கள் என்று அய்யா எவரிடமும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தார். பதிக்குள் வருகிற ஆண்மக்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டி வரச் செய்தார். துண்டு சுற்றக் கூடாது என்று அதிகாரம் தடுத்த தலைகள் முடி சூடின. ஒரு பிள்ளைக்கு மறுத்த முடி ஊர் மக்கள் எல்லோர் தலையிலும் ஏறியது. இன்று தலைப்பாகை கட்டிக்கொண்டு நிழல் தாங்கலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முடிசூடும் பெருமாளே.

தமிழில் 'நாமம்' என்றாலும் பெயர்தான். அய்யாவழியில் நாமம் என்பது நெற்றியில் சோதி வடிவாய் இடும் வெண்மையான திருநாமம். ஆணுக்கும் பெண்ணுக்கும், முதலாளிக்கும் கூலிக்கும், பிறந்த குழந்தைக்கும் தொண்ணூறு வயதுக் கிழவிக்கும் ஒரே நாமம். வாயால் கூப்பிடும் பெயர் ஆளுக்கொன்று, நெற்றியில் எழுதிய பெயர் எல்லோருக்கும் ஒன்று. அந்த நாமத்தோடு பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றால், இரண்டு விளக்குகளுக்கு நடுவே தெரிவது அவரவர் முகமே. அந்த முகத்தை இழிவான பெயரால் கூப்பிட யாருக்கு மனம் வரும்?

தம் சீடர்களையும் அய்யா அப்படியே உயர்த்தினார். ஐவரும் தர்மர், வீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்று பஞ்சபாண்டவர் பெயரால் வழங்கப்பட்டார்கள். அகிலத்திரட்டு அம்மானையை எழுதிய அரிகோபாலன் சீடரே சகாதேவன் சீடர். எளிய குடும்பங்களில் பிறந்தவர்கள் அரச குமாரர்களின் பெயரோடு நிமிர்ந்து நடந்தார்கள்.

மூன்று வகைப் பெயர்கள்

பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களை மனத்தின் நிலையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, நம்பிக்கையால் வைக்கும் பெயர். புதுக்கோட்டைப் பக்கம் 'அடைக்கலம்' என்ற பெயரைக் கேட்கலாம். "இந்தப் பிள்ளை உன் பொறுப்பு" என்று இறைவனிடம் ஒப்படைத்த பெயர் அது. ஆவுடையார்கோயிலில் உருவமில்லாமல் வழிபடப்படும் ஆத்மநாதர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பவர்கள் உண்டு. திருமயத்துப் பெருமாளின் திருப்பெயர் சத்தியமூர்த்தி. 1887இல் அவ்வூரில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி அந்தப் பெயரைத் தாங்கி நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டார். அம்மை போட்ட காலத்தில் உடம்பில் எழும் கொப்புளத்தை 'முத்து' என்றே மக்கள் சொன்னார்கள். நார்த்தாமலை முத்துமாரியின் பெயரைச் சொல்லிப் பிழைத்த பிள்ளைக்கு அவள் பெயரையே வைத்தார்கள். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் 'பெயரன்' என்ற சொல்லே வந்தது, அது பேச்சில் 'பேரன்' ஆயிற்று. இவை எல்லாம் நல்ல பெயர்கள்.

இரண்டு, பயத்தால் வைக்கும் பெயர். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் 'குப்பன்', 'குப்பாயி' என்று வைத்தார்கள். பிச்சை எடுத்து அதில் கஞ்சி காய்ச்சிப் 'பிச்சை' என்று வைத்தார்கள். எமன் கண்ணுக்கு இது குப்பையாகத் தெரியட்டும் என்ற தாயின் தவிப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. அப்படிப்பட்ட பெயருள்ள பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பது பாவம். அவை அன்பால் இட்ட பெயர்கள். ஆனால் பேய்க்கும் கண்ணேறுக்கும் பயப்பட வேண்டாம் என்று அய்யா சொல்லிவிட்டார். பிள்ளையைக் காக்கத் தடுப்பூசியும் மருத்துவமும் இருக்கின்றன. இனி அந்தப் பயம் பெயரில் வேண்டியதில்லை.

மூன்று, வெறுப்பால் வைக்கும் பெயர். பெண்ணுக்குப் பின் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. முழுதும் அற்றுப்போனது என்று இன்றும் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கும்போது "வேண்டாம்" என்று ஆசிரியர் கூப்பிட, "உள்ளேன்" என்று எழுந்து நிற்கிற சிறுமியின் மனம் என்ன பாடுபடும்? அன்று ஒரு பிள்ளையின் பெயரைப் பறித்தவர்கள் அயலார். இந்தச் சிறுமியின் தலையைத் தாழ்த்துவதோ பெற்றவர்களே. அய்யாவின் நாமத்தை நெற்றியில் இட்ட வீட்டில் இது நடக்கலாமா?

முத்துக்குட்டியின் பெயரில் இருந்த அதே முத்து, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பெயரிலும் இருந்தது. முத்துலட்சுமி என்று பெயரிட்டார்கள். தாய் தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் ஊரார் ஏளனம் செய்த காலம். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தப் பிள்ளையை 'வேண்டாம்' என்று ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

செய்ய வேண்டியது

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு செய்யலாம். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின்னும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழி உண்டு. ஆகவே அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரை எழுதிவிட வேண்டாம். பொருள் தெரியாத பெயரை ஓசைக்காக மட்டும் வைக்கவும் வேண்டாம். "என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். அன்று சொல்லப் பதில் இருக்க வேண்டும். சிறுவயதில் வைத்த பெயரால் மனம் வருந்துகிறவர்கள் அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

எழுத்துக் கணக்கும் எண் கணக்கும் பார்த்து அலைய வேண்டியதில்லை. பிள்ளையைத் தாங்கலுக்கு எடுத்து வந்து, நெற்றியில் நாமம் இட்டு, காதோடு பெயரை மூன்று முறை சொல்லி, தாயும் தகப்பனும் கூப்பிட்டால் போதும். காணிக்கை வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தாங்கலில் நாராயணவடிவு என்று பெயர் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் "சனியனே", "மூதேவி", "எருமை" என்று நாள் முழுவதும் கூப்பிட்டால் அந்தப் பிள்ளையின் உண்மைப் பெயர் எது? சான்றிதழில் ஒருமுறை எழுதிய பெயரைவிட, நாளுக்கு நூறு முறை காதில் விழும் பெயரே மனத்தில் பதியும்.

புதுக்கோட்டைச் சீமையில் பழைய ஆட்கள் சின்னப் பயலைக்கூட "வாய்யா, என் அய்யா" என்பார்கள். பெண் பிள்ளையை "வா ஆத்தா" என்பார்கள். பாட்டனுக்கும் அய்யா என்று பெயர், பேரனுக்கும் அய்யா என்று பெயர். வைகுண்டப் பரம்பொருளை அழைப்பதும் அந்த ஒரு சொல்லால்தான். பிள்ளைக்குள் அய்யாவைக் காணும் இந்த வழக்கம் வீட்டில் அழியாமல் இருக்கட்டும். அன்று வெயிலாள் அம்மை வாய்க்குள் அடக்கிய பெயரை இன்று ஒவ்வொரு தாயும் வாய்விட்டுச் சொல்லட்டும். ஒவ்வொரு பிள்ளையும் முடிசூடி நிமிரட்டும்.

அய்யா உண்டு.