பெலனில்லை என்று யாரிடம் சொல்லச் சொல்வது?



குடியிலிருந்து விடுதலை தேடி வருகிற ஒருவரிடம் நாம் முதலாவது என்ன சொல்ல வேண்டும்? "உன்னால் ஒன்றும் கூடாது, ஒத்துக்கொள்" என்பதா? "உன்னால் முடியும், எழுந்திரு" என்பதா? சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் இதில் ஒரு ஆத்துமாவின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது.

1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1939ல் அச்சான அவர்களுடைய 12 படிகளில் முதற்படி, மதுவுக்கு முன் நாங்கள் பெலனற்றவர்கள் என்று ஒத்துக்கொள்வது. இதனால் உலகமெங்கும் அநேகர் எழும்பினார்கள். குடியை அறவே விட்டு நிலைத்திருக்க இந்த வழி நல்ல பலன் தருகிறது என்று 2020ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வும் காட்டியது. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். "நான் நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று மார்தட்டுகிறவனுக்கு அந்தப் படி மருந்து. அவன் பெருமை உடையத்தான் வேண்டும். சிறுவயதில் சீரழிக்கப்பட்டு, கட்டினவன் கையிலும் அடி வாங்கி, அந்த வேதனையை மறக்கக் குடிக்கிற ஒருத்தியிடம் உடைக்க என்ன பெருமை மீதி இருக்கிறது? "உன்னால ஒண்ணும் ஆகாது" என்று அடித்தவனே ஆயிரம் தடவை சொல்லிவிட்டான். நாமும் அதையே சொன்னால் காயத்தின்மேல் காயம்தான்.

குடியிலிருந்து மீண்ட ஜீன் கிர்க்பேட்ரிக் இதைக் கண்டுதான் 1975ல் பெண்களுக்கென்று தனி இயக்கம் தொடங்கி, 13 வாக்கியங்களைக் கொடுத்தார். சார்லட் காஸல் 1992ல் 16 படிகளை எழுதினார். அதே வருஷம் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், காயப்பட்டவரின் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்குகிற எந்த உதவியும் அவரைக் குணமாக்காது என்று எழுதினார்.

"பிரதர், இது சுயபெலத்தை நம்புறது ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. கிர்க்பேட்ரிக்கும் குடியை முற்றிலும் விடத்தான் சொன்னார். "நீ கட்டப்பட்டிருக்கிறாய்" என்பது வேறு, "நீ ஒன்றுக்கும் உதவாதவள்" என்பது வேறு. மேலும், கையில் இருப்பதைத்தானே ஒப்புக்கொடுக்க முடியும்? தன் சித்தம் என்று ஒன்றையே அறியாதவள் தலையாட்டுவது ஒப்புக்கொடுத்தல் அல்ல, பழைய பயம். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனிடம் இயேசு முதலாவது அவன் விருப்பத்தைக் கேட்டார். பிறகு அவன் படுக்கையை அவனையே சுமக்கச் சொன்னார்.

ஆகையால், அவள் சாட்சியை மேடையில் சொல்லும்படி நெருக்காதிருங்கள். யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இன்று ராத்திரி பயமில்லாமல் படுக்க இடம் உண்டா என்று கேளுங்கள். ஹெர்மன் சொல்லும் மூன்று கட்டங்களில் பாதுகாப்பே முதலாவது. அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பெருமையுள்ளவன் குனியட்டும். குனிந்தே கிடந்தவள் நிமிரட்டும். இரண்டும் விடுதலைதான்.