வாங்கினதை எழுதாத கணக்கு

வேதாகமக் கல்லூரி நாட்களில் பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புக்குப் போனேன். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினது. கூட வந்த காணிப் பெரியவர், "பைய வா மக்கா" என்று என் சுமையையும் வாங்கிக்கொண்டார். அவர் குடிலில் அவித்த மரச்சீனிக்கிழங்கு தந்தார்கள்.

1987-ல் அகஸ்தியமலைக்குப் போன விஞ்ஞானிகளும் இப்படித்தான் களைத்தார்கள். வழிகாட்டின காணிகளோ ஆரோக்கியப்பச்சைக் காயைத் தின்று சோராமல் நடந்தார்கள். கேட்டபோது அந்த இரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' மருந்து உண்டானது. பாலோடு தாவரவியல் தோட்ட நிறுவனம் உரிமத்தொகையில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. 1997-ல் கேரளக் காணிகளுக்கு அதற்கென்று அறக்கட்டளையும் ஏற்பட்டது.

நானோ திரும்பிவந்து, இத்தனை வீடு சந்தித்தேன், இத்தனை கைப்பிரதி கொடுத்தேன் என்று அறிக்கை எழுதினேன். வாங்கினதை எழுதவில்லை. அந்தப் பெரியவர் பேரைக்கூட கேட்கவில்லையே!

மலையேறும் வாலிபரே, போதிக்குமுன் பேர் கேளுங்கள். வாங்கினதையும் கணக்கில் எழுதுங்கள்.