சித்தமும் சித்திரமும்



பாலி மொழியில் "சித்த" என்னும் சொல் மனத்தைக் குறிக்கும். அதே ஒலியுடைய இன்னொரு சொல் சித்திரத்தைக் குறிக்கும். பகவான் புத்தர் இவ்விரண்டையும் இணைத்துப் பேசியிருக்கிறார். சித்திரத்தில் நாம் காணும் வகைவகையான உருவங்கள் யாவும் மனத்தால் எண்ணப்பட்டவையே. ஆகையால் சித்திரத்தினும் மனமே பலவகைப்பட்டது என்பது சங்யுத்த நிகாயத்தில் அவர் பிக்குகளுக்கு விளக்கிய கருத்தாகும். மனத்தில் உள்ளது கை வழியே வெளிப்படும் என்பதை இதனால் அறிகிறோம். கையால் வரைவது மனத்தைத் தெளிவிக்கும் என்பதையோ நம்மில் பலர் எண்ணுவதில்லை. பாடத்தை விட்டுப் படம் கிறுக்குகிறாயே என்று பிள்ளையின் கையிலுள்ள பலகையைப் பிடுங்குவோர் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவர்களை முன்னிட்டே இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டேன்.

திவ்யாவதானம் என்னும் வடமொழி நூலில் ஒரு வரலாறு உண்டு. மொக்கல்லானர் பிறவிகளின் துன்பங்களைக் கண்டுவந்து உரைப்பார். மக்கள் திரண்டு வந்து கேட்பார்கள். அதைக் கண்ட பகவான், மொக்கல்லானர் எல்லா இடங்களிலும் இருத்தல் இயலாதே என்று கருதி, விகாரையின் வாயிலில் பிறவிச் சக்கரத்தை வரைந்து வைக்குமாறு பணித்தார். அதோடு நிற்கவில்லை, வருவோர்க்கு அதனை விளக்கிச் சொல்ல ஒரு பிக்குவையும் அமர்த்தச் செய்தார். எழுத்தறிந்தோர்க்கு மட்டுமே அறம் என்றிருந்தால் வாயிலில் சித்திரம் எதற்கு? ஏடு தொடக்கூடாதென்று தலைமுறை தலைமுறையாய்த் தடுக்கப்பட்ட மக்களின் வழிவந்த நாம் இதனை மறத்தல் ஆகாது.

அத்தகைய சக்கரம் ஒன்றின் சிதைந்த பகுதியை அஜந்தாவின் 17ஆம் குகை முன்தாழ்வாரத்தில் இன்றும் காணலாம். ஐந்தாம் நூற்றாண்டின் வேலை அது. திபெத்திய மடங்களில் தீட்டப்படும் சக்கரத்திலோ பன்னிரு நிதானங்களும் தனித்தனிப் படமாக விளங்கும். பேதைமைக்கு, கோலூன்றி நடக்கும் குருடர். செய்கைக்கு, பானை வனையும் குயவர். உணர்வுக்கு, கிளைக்குக் கிளை தாவும் குரங்கு. அருவுருவுக்கு ஓடம், வாயிலுக்கு ஆறு சாளரமுள்ள வீடு, நுகர்வுக்கு, கண்ணில் அம்பு தைத்த மனிதன், வேட்கைக்கு, பானம் பருகுகிறவன். நிதானங்களின் தமிழ்ப் பெயர்களை நமக்கு அளித்தது மணிமேகலை.

நம் ஞாயிறு வகுப்பில் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளைகள் உளர். கேட்க இனிமையாயிருக்கும். அவர்களிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, நுகர்வையும் வேட்கையையும் அடுத்தடுத்து வரையச் சொல்லுங்கள். அம்பு தைத்தவனை வரைந்த பிள்ளை, குடிப்பவனை வரையுமுன் சற்றே நிற்கும். "ஐயா, வலிக்கிறதனாலா குடிக்கிறான்?" என்று கேட்கும். அந்த நிறுத்தத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நுகர்வு எழுவதை நம்மால் தடுக்க இயலாது. அது வேட்கையாக மாறும் இடத்திலேயே விழிப்புடன் நிற்க இயலும். ஒப்பிக்கும் வாய் அவ்விடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது. வரையும் கையோ இரு படங்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைக் கண்ணாற் கண்டாக வேண்டும்.

ஆலையில் பணிபுரிந்தோர் இதை எளிதில் உணர்வர். தறிக்குப் புதிதாய் வருபவனிடம் "இரண்டு மேலே, இரண்டு கீழே, ஒவ்வோர் ஊடைக்கும் ஓரிழை தள்ளு" என்று நாள் முழுதும் சொன்னாலும் விழிப்பான். கட்டத்தாளில் நாலுக்கு நாலு சதுரம் போட்டு, வரிசைக்கு இரண்டு கட்டம் கறுப்பாக்கி, அடுத்த வரிசையில் ஒரு கட்டம் நகர்த்தி அவனையே நிரப்பச் சொன்னால், நாலாம் வரிசையில் சாய்கோடு தானே எழுந்து நிற்கும். பிறகு அவன் துணியில் பிழை விழுந்தால், எந்த இழை தவறியது என்று தானே சொல்வான். நான் பள்ளியில் கற்றது சொற்பம். பாவும் ஊடையும் கட்டத்தாளில் கற்பித்ததே மிகுதி.

படம்பிடிக்கக் கைபேசி இருக்க, வரைவானேன் என்று இளைஞர்கள் கேட்கலாம். வீட்டில் மாலை சூட்டி வணங்கும் பகவானின் படத்தைத் துணியால் மூடிவிட்டு, அவருடைய வலக்கை எங்கே இருக்கிறது, மடியிலா, நிலத்தைத் தொட்டா என்று கேளுங்கள். பலர் தடுமாறுவர். ஒருமுறை வரைந்தவன் தடுமாறமாட்டான். காஞ்சியில் தங்கியிருந்து, பின் ஈழத்தில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர் கூறும் முறையும் இதுவே. வைகறைச் செந்நிற மண்ணைப் பிசைந்து, ஒரு சாணும் நான்கு விரலும் அகலமான வட்டம் செய்து, எதிரில் அமர்ந்து நோக்குக. கண்ணை மூடினும் அவ்வட்டம் தோன்றும்வரை நோக்குக என்கிறார். தோன்றிய பின் மண்வட்டத்தை விட்டு எழலாம். அழகான வட்டம் காட்டிப் புகழ் தேடுவதற்கு அங்கே இடமில்லை.

"எனக்குக் கை வராது" என்பது வீண் சொல். அறுந்த இழையை இமைப்பொழுதில் முடிந்த கைக்கு ஒரு வட்டம் போட வராதோ?

இல்லறத்தார்க்கு ஒரு செய்தி. கடன் நம் குடும்பங்களை எப்படி அரிக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கை வாயால் பேசினால் கணவன் மனைவிக்குள் சண்டையே மூளும். தரையில் ஒரு வட்டம் போடுங்கள்; அது கூலி. அதிலிருந்து அம்பு இழுத்து, அரிசி, வாடகை, வட்டிக்காரர், கள் சாராயம், சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். எழுத்தறியாத தாய்மார் அரிசிக்கு ஒரு படியும், வாடகைக்கு ஒரு கதவும் வரையலாம். வட்டிக்காரர் வட்டத்திலிருந்து அம்பு மீண்டும் எங்கே போகிறது என்று தொடருங்கள். வட்டி கட்டக் கடன், கடனுக்கு வட்டி என்று அது சுற்றி வந்து கூலியையே விழுங்குவது கண்ணுக்குத் தெரியும். இதுவும் ஒரு பிறவிச் சக்கரமே. எந்த அம்பை இம்மாதம் அழிக்கலாம் என்று இருவரும் அதன்முன் அமர்ந்து பேசுங்கள். அப்போது விரல் நீள்வது படத்தை நோக்கியே. ஒருவர் முகத்தை நோக்கி அன்று.

வரும் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்றபின் நுகர்வு, வேட்கை, பற்று ஆகிய மூன்றை மட்டும் வரைவோம். பெரியோரும் பலகை கொண்டு வருக. திபெத்தியப் படங்களைப் பார்த்து எழுத வேண்டா; பற்றுக்கு உங்கள் வீட்டில் எது உண்டோ அதையே வரைக. சுண்ணக்கட்டி சங்கத்தில் கிடைக்கும்.