யாருடைய மலர்?

மறையப்போகும் ஒன்றை ஒரு வடிவில் நிறுத்திவைக்க விழைவது பற்றா, அன்பா? ஆன்மிக நாட்டம் உடையோர் பலர் தயங்காமல் ‘பற்று’ என்றே கூறிவிடுவர். அவ்வளவு விரைவில் தீர்ப்பளிக்கத்தக்க வினாவன்று இது.

மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பல இல்லங்களில் பிரம்மகமலம் என்னும் பெயரில் ஒரு செடியைப் போற்றி வளர்க்கின்றனர்; கேரளத்தில் அது நிசாகந்தி. (உத்தரகண்டின் மாநில மலரான இமயத்துப் பிரம்மகமலம் வேறு. இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த கள்ளி இனம்.) இரவில் விரிந்து, விடியலுக்குள் வாடிவிடும். அது பூக்கும் இரவில் அண்டை வீட்டாரை அழைத்து, விளக்கேற்றி வணங்குவதும் உண்டு.

அத்தகைய இல்லம் ஒன்றில், பாட்டி மறைந்தபின் பேத்தி அம்மலரைத் திரை அச்சாக வடிக்கிறாள் என்று கொள்ளலாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய வலைத்துணியில், ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவுகிறாள். ஒளி ஊடுருவும் தாளில் இரவை மட்டும் கருமையாகத் தீட்டி, மலரின் இடத்தை வெறுமையாக விட்டு, வலையின்மீது வைத்து ஒளி பாய்ச்சுகிறாள். மலரின் இடத்தில் பூச்சு இறுகுகிறது. ஏனைய இடத்தில் நீரில் கரைந்து போகிறது. பின்னர் ரப்பர் பட்டையால் கருநீல மையை இழுத்தால், தாளில் இறங்குவது இரவு மட்டுமே. மலரோ, மை தீண்டாத வெண்தாள். நறுமணம் எந்த வலையிலும் இறங்காது. அதை அவளும் அறிவாள்.

இருபது தாள்கள் அச்சிட்டால் இருபதும் மூலமே. அச்செடியின் இயல்பும் இதுதான். இலைபோல் தோன்றும் தட்டையான தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும். அவ்வாறு வளர்வது மரபால் அதே செடி. பாட்டிக்கும் அது யாரோ ஒடித்துக் கொடுத்த தண்டாகவே வந்திருக்கும். அவ்வாறிருக்க, ‘எங்கள் குடும்பத்து மலர்’ என்பதில் ‘எங்கள்’ எதைக் குறிக்கிறது? பற்று புகுந்தால் இச்சொல்லின் வழியாகவே புகும். மலரை வரைந்ததால் அன்று.

அச்சு முடிந்ததும் வலையிலுள்ள பூச்சைக் கரைத்துக் கழுவிவிடுவது வழக்கம். பிரதிகள் அரியனவாகி விலை உயரட்டும் என்றும் கழுவலாம். அடுத்த வடிவத்திற்கு வலை வேண்டும் என்றும் கழுவலாம். எந்த எண்ணத்தோடு கழுவுகிறோம் என்பதை அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இருபது தாள்களில் சிலவற்றைப் பாட்டியிடம் தண்டு பெற்றுச் சென்ற வீடுகளுக்கு அவள் அனுப்பலாம். அங்கே அச்செடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கக் கூடும்.