நீர் ஏறும் வேளை

மகர சங்கராந்திப் புண்ணிய காலத்தில் கங்காசாகரத்தில் நீராட வேண்டும் என்பது பாரதமெங்கும் வாழும் பக்தர்கள் பலரின் வாழ்நாள் விருப்பம். பகீரதனின் தவத்தால் பூமிக்கு வந்த கங்கை, சகர மன்னனின் 60,000 புதல்வர்களைக் கரையேற்றிக் கடலோடு கலந்த தலம் அது. கபில முனிவரின் ஆலயமும் அங்கே உள்ளது. அந்தத் தீவை அடைய, காக்த்வீப் அருகே முரிகங்கா ஆற்றைப் படகில் கடக்கின்றனர்.

கடலை அடுத்த ஆறாதலால் அதன் நீர் கடலோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்கிறது. வண்டல் படிந்து ஆழம் குறைந்த ஆறு ஆகையால், நீர் நன்கு இறங்கிய வேளையில் படகுகள் நின்றுவிடுகின்றன. யாத்திரிகர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சங்கராந்தி கதிரவனைப் பொறுத்தது; ஓதமோ பெரும்பாலும் சந்திரனைப் பொறுத்தது. எனவே நீராடும் நாளைப் பஞ்சாங்கம் சொல்லும். கடக்கும் வேளையை ஆறுதான் சொல்லும். செல்வத்தாலோ செல்வாக்காலோ அந்த நீரை ஒரு விரற்கடை அளவும் உயர்த்த இயலாது. இறையருளும் அத்தகையதே. அது நம் கட்டளைக்குக் கட்டுப்பட்டதன்று.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லையா? அருகிலுள்ள சுந்தரவனக் கரைகளில் மக்கள் சிறு படகுகளில் ஏறும் முறை இதற்கு விடை தருகிறது. படகோட்டி, படகின் முன்பகுதி மட்டும் சேற்றைத் தொடுமாறு நிறுத்திப் பின்பகுதியை மிதக்க விடுகிறான். கரைக்கும் படகுக்கும் இடையே பலகை ஒன்றைச் சாய்த்து வைக்கிறான். பிடித்துக்கொள்ள ஒரு மூங்கிலை நீட்டுகிறான். முதியவர்களுக்காகத் தானே சேற்றில் இறங்கிக் கை கொடுக்கிறான். பிறர் பாதம் சேறுபடாதிருக்கத் தன் பாதத்தைச் சேற்றில் வைப்பவனே குரு.

ஆனால் பலகையைக் கடந்ததோடு பயணியின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஏறியவர்கள் அனைவரும் முன்பகுதியிலேயே நின்றால், அந்தச் சுமையால் படகு சேற்றில் மேலும் அழுந்தும். எத்தனை பேர் கோலூன்றித் தள்ளினாலும் நகராது. அவர்கள் உள்ளே சென்று பின்புறம் அமர்ந்துவிட்டால் முன்பகுதி தானே எழும். பிறகு ஒரு கோலின் உந்துதல் போதும்.

"பல ஆண்டுகளாக ஜபம் செய்கிறேன், சத்சங்கத்திற்கும் வருகிறேன், மனம் சிறிதும் முன்னேறவில்லையே" என்று வருந்தும் அன்பர்கள் பலர். அவர்கள் படகில் ஏறாதவர்கள் அல்லர். ஏறிய பின்னும் கரையைப் பார்த்தபடி முன்பகுதியிலேயே நிற்பவர்கள். பழைய பகையும், புகழ் ஆசையும், பிள்ளைகளைப் பற்றிய ஓயாத கவலையும் அவர்களைக் கரையருகே நிறுத்தி வைத்திருக்கின்றன. அவ்வாறு நிற்பவர் தாம் மட்டும் தங்குவதில்லை. உடன் ஏறிய குடும்பத்தாரையும் தங்க வைக்கிறார்.

இதில் காலதாமதமும் கூடாது. நீர் இறங்கத் தொடங்கிய பின் ஒவ்வொரு நிமிடமும் படகு மேலும் தரை தட்டுகிறது. சற்று முன் ஒரு உந்துதலால் முடிந்திருக்கக்கூடிய செயலுக்குப் பின்னர் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க நேரும். உடல் வலிமையும், தெளிந்த அறிவும், நல்லோர் இணக்கமும் ஒருங்கே கூடிய காலமே நம் வாழ்வின் நீரேற்றம். அதனை முதுமைக்கென்று ஒத்திப்போடுவது அறிவுடைமையாகாது.

அந்த வேளையைத் தவறவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. யோகத்தில் தொடங்கி நடுவில் தளர்ந்தவனின் கதி என்ன என்று அர்ஜுனன் கேட்டபோது, நற்செயல் செய்தவன் ஒருபோதும் கெடுவதில்லை என்று பகவான் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் உறுதி அளிக்கிறார். இறங்கிய நீர் மீண்டும் ஏறும். அப்போது நாம் உறங்கிக்கொண்டிருக்கலாகாது. படகினுள் நம் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.

இன்று ஜபத்திற்கு அமரும்போது, கரையை நோக்கி நம்மை நிற்க வைக்கும் ஒன்றை இனம் கண்டு, அதிலிருந்து ஓர் அடி உள்ளே நகர்வோம். மற்றதை அருள் வெள்ளம் பார்த்துக்கொள்ளும்.